சிவப்பு காலிபரும் மொட்டை டயரும்

ரெண்டு மாசமா கடையைப் பூட்டி வச்சிருந்தேன். தீசிஸ்னு ஒரு பூதம், வேற என்ன. இப்பவும் அது முடியல, ஆனா இந்த வாரம் ரெண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டுட்டாங்க. ரெண்டு பேருக்கும் தனித்தனியா தொண்டை வறளப் பேசினேன். மூணாவது ஆள் கேட்கிறதுக்குள்ள பதிவாப் போட்டுட்டா சுட்டியைக் குடுத்துட்டு நான் பாட்டுக்குத் தூங்கலாம் பாருங்க :-)

கேள்வி இதுதான்: காருக்கு பிரேக் டிஸ்க்கும் பேடும் மாத்துற நேரம் வந்திருக்கு. அதே மாதிரி சாதாரணமானதே போடலாமா, இல்ல கொஞ்சம் காசு சேர்த்துப் போட்டு ஓட்டை போட்ட, கோடு கிழிச்ச, பளபளன்னு இருக்கிற ‘ஸ்போர்ட்ஸ்’ செட்டா மாத்தலாமா?

கேட்டவங்கள்ல ஒருத்தன் என் அறைத்தோழன். நாங்க மூணு மாணவர்கள் சேர்ந்து ஒரு பழைய 2012 பெட்ரோல் காரை வச்சிருக்கோம். வாங்கின விலையைச் சொன்னா சிரிப்பீங்க. அதுக்கு ஒரு ஒர்க்‌ஷாப்ல சாதாரண டிஸ்க், பேட் நாலு சக்கரத்துக்கும் கூலியோட 6,000 குரோனர்னு சொல்லிட்டு, கூடவே “14,000 குடுத்தா இதைப் போடலாம்”னு ஒரு படத்தையும் காட்டியிருக்காங்க. பையன் அந்தப் படத்தை மொபைல்ல ஸ்கிரீன்சேவரா வைக்காத குறை. இன்னொருத்தர் எங்க மேல் மாடியில இருக்கிற யாழ்ப்பாணத்து அண்ணை. அவர்கிட்ட இருக்கிறது அஞ்சு வருஷ மின்சாரக் கார். ஈயூ கொன்ட்ரோல்ல (நம்ம ஊரு எஃப்.சி. மாதிரி, ஆனா நிஜமாவே வண்டியைப் பார்ப்பாங்க) பின் டிஸ்க் ரெண்டும் துருப்பிடிச்சிருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அவர் என்கிட்ட சொன்னது அப்படியே: “தம்பி, பிள்ளையள் ஏறுற கார். பிரேக்கில காசு பார்க்கக் கூடாது எண்டு எல்லாரும் சொல்லீனம். நீர் மெக்கானிக்கல் படிச்சனீர், என்ன சொல்லுறீர்?”

ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். வேண்டாம். ஒஸ்லோவுல ஓட்டுற சாதாரணக் காருக்கு பிரேக் ‘அப்கிரேட்’ங்கறது பெரும்பாலும் வீண் செலவு. அந்த எட்டாயிரத்தை டயர்ல போடு. மீதி இருந்தா பிரேக்கைக் கழட்டிச் சுத்தம் பண்ணி கிரீஸ் வைக்கிறதுக்குக் குடு. அப்பவும் மீதி இருந்தா எனக்கு ஒரு பிரியாணி வாங்கிக் குடு.

ஏன்னு இப்போ விலாவாரியா.

பிரேக் காரை நிறுத்துறதில்லைங்க. பிரேக் சக்கரத்தை நிறுத்துது. காரை நிறுத்துறது டயரும் ரோடும். கேட்க சின்ன வித்தியாசமாத் தெரியும், ஆனா இந்த விவாதம் மொத்தமும் அதுலதான் இருக்கு. ஆளில்லாத காய்ஞ்ச ரோட்டுல 50-ல போய் பிரேக்கை ஓங்கி ஒரு மிதி மிதிச்சுப் பாருங்க. பெடல் காலுக்கடியில தடதடன்னு துடிக்குதா? அது ஏபிஎஸ். 1978-ல பென்ஸ் எஸ் கிளாஸ்ல பாஷ் கம்பெனி கொண்டு வந்தது, இன்னிக்கு எல்லாக் கார்லயும் இருக்கு. அது துடிக்குதுன்னா என்ன அர்த்தம்? உங்க பிரேக் ஏற்கனவே டயர் தாங்குறதை விட அதிகமாப் பிடிக்குது, சக்கரம் பூட்டிக்கப் போகுது, அதனால கம்ப்யூட்டர் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்குதுன்னு அர்த்தம். பிடிச்சது போதும்னு கம்ப்யூட்டரே சொல்ற இடத்துல இன்னும் பெரிய பிரேக்கைப் போட்டு என்ன சாமி பண்ணப் போறோம்?

சின்னக் கணக்கு ஒண்ணு. (கணக்குன்னதும் ஓடாதீங்க, பிளஸ் டூ பிசிக்ஸ்தான்.) 50 கி.மீ. வேகத்துல வர்ற கார் நிக்க எவ்வளவு தூரம் வேணும்? நம்ம யோசிக்கிற நேரத்தை விட்டுடுங்க, பிரேக் பிடிச்ச பிறகு மட்டும். காய்ஞ்ச தார் ரோட்டுல உராய்வு எண் 0.8-னு வச்சா 12 மீட்டர். அமுங்கிக் கிடக்கிற பனி மேல 0.25-னு வச்சா 39 மீட்டர். கண்ணாடி மாதிரி ஐஸ்ல 0.1, கிட்டத்தட்ட 98 மீட்டர். இந்தக் கணக்குல டிஸ்க் எங்கயாவது வருதா? பேட்? காரோட எடை கூட வரல, ரெண்டு பக்கமும் அடிபட்டுப் போயிடும். வர்றது வேகமும் உராய்வும் மட்டும். வேகம் உங்க கையில. உராய்வு டயர் கையில.

இங்க சட்டப்படி குளிர்காலத்துல டயர் பள்ளம் குறைஞ்சது 3 மி.மீ. இருக்கணும், கோடையில 1.6. ஆனா 3 மி.மீ. இருக்கிற ஆறு வருஷத்து ரப்பர் பனியில எப்படி வழுக்கும்னு ஒரு தடவை அனுபவிச்சவங்களுக்குத் தெரியும். எங்க பார்க்கிங்லயே ஒரு வண்டி நிக்குது. காலிபருக்கு ரத்தச் சிவப்புல பெயிண்ட், ஓட்டை போட்ட டிஸ்க், எல்லாம் டாப்பு. டயரைப் பார்த்தா நம்ம ஊரு ஷேர் ஆட்டோ கெட்டது, மொட்டை. தலைப்பு அவருக்கு சமர்ப்பணம் (தமிழ் படிக்கத் தெரியாத நண்பர், தைரியமா எழுதலாம்).

“அப்போ டிஸ்க்ல ஓட்டை எதுக்குடா போட்டான்? வெள்ளைக்காரன் முட்டாளா?”ன்னு அறைத்தோழன் எகிறினான். நல்ல கேள்விதான். ஓட்டையும் கோடும் ஒரு காலத்துல நிஜமான பிரச்சினைக்குப் பதிலா வந்தது. பழைய பேட்கள் சூடேறினா வாயு கக்கும், அந்த வாயு டிஸ்குக்கும் பேடுக்கும் நடுவுல மெத்தை மாதிரி நின்னு பிடிமானத்தைக் குறைக்கும். அது வெளியேற வழி வேணும்னு ஓட்டை. இப்ப வர்ற பேட் கலவைகள்ல அந்தத் தொல்லை பெருமளவு போயிடுச்சு. ஈரத்தைச் சீக்கிரம் வழிச்சு விடும்ங்கற பலன் கொஞ்சம் மிச்சம். அதுக்கு விலையா, சூடாகி ஆறிச் சூடாகி ஓட்டை ஓரத்துல இருந்து விரிசல் கிளம்புற அபாயம். நம்ம ரோட்டுல கூடுதலா இன்னொண்ணு: அந்த ஓட்டைக்குள்ள உப்பும் மணலும் போய்க் குடித்தனம் நடத்தும்.

டிஸ்கை மாத்துறதுக்கு ஒரே உருப்படியான காரணம் சூடு. இதை மறுக்க மாட்டேன். பிரேக்னா வேகத்தை வெப்பமா மாத்துற கருவி, அவ்வளவுதான். ஆளோட சேர்த்து 1,500 கிலோ கார், 80 கி.மீ. வேகம்னா அதுக்குள்ள இருக்கிற சக்தி சுமார் 370 கிலோ ஜூல். நிறுத்தும்போது அதுல 70 சதவீதம் முன் பிரேக்குக்குப் போகுதுன்னு வச்சுக்கோங்க. முன் டிஸ்க் ஒண்ணு 8 கிலோ இரும்பு, ரெண்டும் 16 கிலோ. கணக்குப் போட்டா டிஸ்கோட சூடு எவ்வளவு ஏறும் தெரியுமா? 35 டிகிரி. அவ்ளோதாங்க! ஒரு முழு பிரேக்குக்கு 35 டிகிரி. பேட் தள்ளாட ஆரம்பிக்க முன்னூறு, நானூறு டிகிரி வேணும். ட்ரொண்ட்ஹெய்ம்ஸ்வெய்ன்ல சிக்னலுக்கு சிக்னல் நின்னு நின்னு போனாலும் நடுவுல காத்துல ஆறிடும். பிரேக் சூடேறி ஓய்ஞ்சு போச்சுன்னு ஒஸ்லோவுல ஒருத்தர் சொன்னா, ஒண்ணு அவர் டிரெய்லர் இழுக்கிறார், இல்ல காலிபர் சிக்கிக்கிட்டு இருக்கு, இல்ல கதை விடுறார்.

மலை இறக்கம் மட்டும் வேற விஷயம். அதே காரை 700 மீட்டர் உயரத்துல இருந்து கீழ இறக்கினா பிரேக் மென்னு முழுங்க வேண்டிய சக்தி 10 மெகா ஜூலுக்கு மேல. மேல சொன்ன 80-ல இருந்து நிறுத்துறதை 28 தடவை தொடர்ந்து பண்ற மாதிரி. ஆற விடாம முழுசும் பிரேக்லயே இறங்கினா டிஸ்க் செக்கச் செவேல்னு ஆகும் (காசு குடுக்காமலே சிவப்பு!). பிரேக் ஆயில் கொதிச்சு ஆவியானா பெடல் சும்மா தரையைத் தொடும். அதுதான் உண்மையான ‘பிரேக் ஃபெயிலியர்’. ட்ரோல்ஸ்டீகன்ல 11 கொண்டை ஊசி வளைவு. நமக்கு இதெல்லாம் புதுசா? வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. ஊட்டியில இருந்து மசினகுடிக்கு இறங்குற கல்லட்டி பாதையில 36 தான், ஆனா செங்குத்து, அதனாலதான் அங்க அத்தனை விபத்து. அண்ணைக்கு இலங்கை மலைநாட்டு ஞாபகம். 2023 ஜனவரி 20 அன்னிக்கு நானுஓயா ரதல்ல இறக்கத்துல கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரிப் பிள்ளைங்க வந்த பஸ், வான் மேலயும் ஆட்டோ மேலயும் மோதி ஏழு பேர் செத்துப்போனாங்க. அந்தச் செய்தியை இன்னும் மறக்க முடியலன்னார். அவர் பயம் எங்க இருந்து வருதுன்னு அப்பத்தான் புரிஞ்சுது. கேலி பண்ற பயமில்ல அது.

ஆனா அந்த இறக்கத்துக்கு மருந்து என்ன? கல்லட்டி மாதிரி எந்த இறக்கத்துலயும் நம்ம ஊரு லாரி டிரைவர் சொல்லுவார்: ஏறின கியர்லயே இறங்கு. ரெண்டாவது கியர்ல போட்டா இன்ஜினே பாதி வேலையைப் பார்த்துடும். மின்சாரக் கார்னா மோட்டாரே பிரேக்காகி, வர்ற சக்தியை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பிடும், டிஸ்கைத் தொடவே வேண்டாம். ரெண்டுமே பைசா செலவில்லாத அப்கிரேட். கூட பிரேக் ஆயிலை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சுற சரக்கு. டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரை கொதிக்காதுன்னு தரம் வச்சிருக்காங்க, ஈரம் ஏறினதுக்கு அந்தத் தரமே 155 டிகிரிதான். 14,000 குரோனர் டிஸ்க் போட்டுட்டு ஏழு வருஷத்து ஆயிலோட மலை இறங்குறவரை நான் பார்த்திருக்கேன். பேர் சொல்ல மாட்டேன், பொங்கலுக்கு சாப்பாடு போட்டவர் :-)

சரி, ஒஸ்லோவுல சூடு எதிரி இல்லன்னா யார் எதிரி? துரு. துரு. துரு. (மூணு தடவை சொன்னா ரஜினி ஸ்டைல்.)

ரொம்சோஸ் தெரியாதவங்களுக்கு: ஒஸ்லோவோட வடகிழக்கு ஓரம், குரூருட் பள்ளத்தாக்குக்கு மேல ஒரு மேடு. எழுபதுகளோட தொடக்கத்துல கட்டின அடுக்குமாடிகள். மெட்ரோ ஸ்டேஷன் பாறையைக் குடைஞ்சு உள்ள இருக்கும், 1974-ல திறந்தது. ஊரோட அமைப்பே ஒரு அழகு: வெளிய ஒரு வட்டச் சாலை, அதை ஒட்டி கார் நிறுத்துமிடங்கள், உள்ள கார் கிடையாது, பிள்ளைங்க பயமில்லாம ஓடலாம், நடுவுல ஒரு குளம். அதனால பலரோட கார் நாள் கணக்குல நின்ன இடத்துலயே நிக்கும். வேலைக்கு மெட்ரோ, கடைக்கு நடை, கார் வெளிய வர்றது வார இறுதியில பிள்ளைங்களை அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடத்துல விடவும், யாராவது வீட்டுப் பிறந்தநாளுக்கும்தான்.

இப்போ இதைப் பாருங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி பனி. ரோட்டுல உப்பு கொட்டுறாங்க. போதாததுக்கு ஒஸ்லோ நகராட்சி, ஆணி டயர் தேய்ச்சுக் கிளப்புற தூசி அடங்கட்டும்னு மக்னீசியம் குளோரைடு கரைசலையும் தெளிக்கும். அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துப் பிடிச்சு ரோட்டை நசநசன்னே வச்சிருக்கும், அதுக்குத்தானே தெளிக்கிறது. சனிக்கிழமை கார் அதுல ஓடி, உப்புத் தண்ணியில குளிச்ச டிஸ்கோட வந்து நிக்குது. அடுத்த சனிக்கிழமை வரை ஆடாம அசையாம ஊறுது. எங்க அம்மா மாங்காயை ஜாடியில உப்புப் போட்டு வைக்கிறது கூட இவ்வளவு சிரத்தையா இருக்காது.

டிஸ்க்ங்கறது வெறும் வார்ப்பிரும்பு. பேட் உரசுற வரைக்கும்தான் பளபளப்பு. உரசல் நின்னா துரு. மேலோட்டமான துரு நாலு பிரேக்ல போயிடும், வாரக் கணக்குல ஊறினா குழி விழும். குழி விழுந்த டிஸ்க் பேடைத் தின்னும், ஒரு பக்கம் பிடிச்சு ஒரு பக்கம் விடும். ஈயூ கொன்ட்ரோல்ல உருளை மேல ஏத்திப் பார்க்கும்போது ஒரே அச்சுல ரெண்டு சக்கரத்துக்கும் பிடிமானம் 30 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா பாஸ் கிடையாது. அதோட காலிபர் நகர்ற பின் துருப்பிடிச்சுச் சிக்கிடும். அப்புறம் பேட் ஒரு பக்கம் தேய்ஞ்சு மறுபக்கம் புதுசா இருக்கும்.

இதெல்லாம் ஓட்டை போட்ட டிஸ்குக்கும் அப்படியே நடக்கும். அதுவும் அதே வார்ப்பிரும்புதானே!

மின்சாரக் கார்ல இந்த வியாதி இன்னும் முத்திப் போகுது. நார்வேல 2024-ல வித்த புதுக் கார்ல கிட்டத்தட்ட 89 சதவீதம் மின்சாரம், 2025-ல அது 96 சதவீதத்தைத் தொட்டுடுச்சு. அதனால இது இந்த ஊரோட பொதுப் பிரச்சினை. மோட்டாரே பெரும்பாலான பிரேக் வேலையைச் செஞ்சுடுது. காலை எடுத்தாலே வண்டி நிக்குது. டிஸ்க் பாவம், வேலை இல்லாம வீட்டுல இருக்கிற மாப்பிள்ளை மாதிரி துருப்பிடிக்குது. ஜெர்மனியில டியூவ் பரிசோதனை அமைப்போட 2024 அறிக்கையில, 2-3 வருஷ வயசுக் கார்கள்ல கடைசி இடம் டெஸ்லா மாடல் 3-க்கு, 14.7 சதவீதம் பெரிய குறைகளோட வந்துச்சு. அந்தக் குறைகள்ல பிரேக் டிஸ்கும் ஒண்ணு. டெஸ்லா ரசிகர்கள் சண்டைக்கு வராதீங்க, உங்க வண்டி மட்டும் இல்ல, எந்த மின்சாரக் காருக்கும் இதுதான் கதை.

இதுக்கு கம்பெனிக்காரங்க என்ன பண்றாங்கன்னு பார்த்தா அப்கிரேட் மோகம் இன்னும் காமெடியா இருக்கும். ஃபோக்ஸ்வாகன் தன்னோட ஐடி.3, ஐடி.4 கார்கள்ல பின்னாடி டிஸ்கையே தூக்கிட்டு டிரம் பிரேக் போட்டுச்சு! நம்ம ஊரு அம்பாசடர் கால டிரம்! ஏன்? மூடி இருக்கு, உப்பு உள்ள போகாது, அந்த இடத்துக்கு அந்தப் பிடிமானமே தாராளம். ஜெர்மன் இன்ஜினியர் கீழ இறங்கி வர்றான், நம்மாளு ஓட்டை டிஸ்க் வாங்கி மேல ஏறுறான். உண்மையான முன்னேற்றம் வேற பக்கம் இருக்கு. போர்ஷே 2017-ல கேயன் காருக்கு டங்ஸ்டன் கார்பைடு பூசின டிஸ்க் கொண்டு வந்தாங்க. துரு அண்டாது, தூசி கம்மி, விலை போர்ஷே விலை. யூரோ 7 சட்டம் 2024-ல நிறைவேறிச்சு. அதுல முதல் தடவையா பிரேக் தூசிக்கே வரம்பு: முழு மின்சாரக் காருக்கு கி.மீ.க்கு 3 மில்லிகிராம், மத்த பெரும்பாலான கார்களுக்கு 7. புது மாடல்களுக்கு 2026 நவம்பர் கடைசியில இருந்து. அப்போ இந்த மாதிரிப் பூச்சு டிஸ்க் இன்னும் பல கார்ல கம்பெனியில இருந்தே வரும்னு நினைக்கிறேன். அதுதான் நான் மதிக்கிற அப்கிரேட்.

இப்போ பேட் பக்கம் வருவோம். இங்க எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. ஐரோப்பாவுல ரோட்டுக் காருக்கு விக்கிற மாற்று பேடுக்கு ஐ.நா.வோட 90-ஆம் எண் ஒழுங்குமுறைன்னு ஒண்ணு இருக்கு. ஒரிஜினல் பேடோட செயல்பாட்டுல இருந்து 15 சதவீதத்துக்குள்ள இருக்கணும்ங்கறது அதோட சாரம். பெட்டியில வட்டத்துக்குள்ள ஈ எழுத்தும் பக்கத்துல 90ஆர்-னு எண்ணும் போட்டிருக்கும். யோசிச்சுப் பாருங்க. அந்த முத்திரை இருந்தா அது ஒரிஜினலை விட ரொம்ப விலகிப் போகவே முடியாது, அப்புறம் என்ன “இரண்டு மடங்கு பிடிக்கும்”? முத்திரை இல்லன்னா அது ரோட்டுக்கானதே இல்ல. ரெண்டுல எதுவா இருந்தாலும் விளம்பரம் பொய்.

ரேஸ் பேடுக்கு இன்னொரு குணம்: அது சூடானாத்தான் பிடிக்கும். ரூட்ஸ்கோகன் மாதிரி பந்தயத் தடத்துல மூணு சுத்து அடிச்சதுக்கப்புறம் சொர்க்கம். ஆனா ஜனவரி காலையில மைனஸ் 15-ல, ரொம்சோஸ்ல இருந்து குரூருட் பக்கம் இறங்குற முதல் வளைவுல, முதல் பிரேக்? பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க ரோட்டைக் கடக்கிற நேரம் அது. அந்த ஒரு பிரேக்குக்கு எனக்கு சாதா பேட்தான் வேணும். குளிர்ந்து கிடக்கும்போதே பிடிக்கிற, சொகுசு கார் அப்பாக்கள் போடுற, போரடிக்கிற பேட்.

நியாயமாப் பேசணும்னா, யாருக்கு மாத்தலாம்? பந்தயத் தடத்துக்கு நிஜமாவே போறவங்க. கோடையெல்லாம் கேரவன் இழுத்துக்கிட்டு மலை மலையா ஏறி இறங்குறவங்க. இன்ஜினையே மாத்தி வேகத்தைக் கூட்டினவங்க. இவங்களுக்கு சூடு நிஜமான பிரச்சினை, பெரிய டிஸ்க் நிஜமான பதில். அதுக்கும் காரணம் எடையும் காத்தோட்டமும்தான், ஓட்டை இல்ல. அப்புறம் “பெடல் உணர்வு நல்லாருக்கு”ன்னு சொல்றவங்க. அது உண்மை, நல்ல பேடுக்கு கால்ல ஒரு நம்பிக்கை வரும். ஆனா பாதி பேருக்கு அந்த சந்தோஷம், பழைய துருவைத் தூக்கிப் போட்டு எதையோ ஒண்ணு புதுசாப் போட்டதால வந்தது. 6,000 செலவுலயும் அதே சந்தோஷம் கிடைச்சிருக்கும், கண்ணைக் கட்டி ஓட்டச் சொன்னா (சொல்லாதீங்க) வித்தியாசம் தெரியாது.

ஒரே ஒரு இடத்துல கூடுதல் காசு கொடுக்கச் சொல்றேன்: துருத்தடுப்புப் பூச்சு பூசின சாதா டிஸ்க். பேட் உரசுற முகத்துல பூச்சு முதல் நாளே போயிடும், ஆனா நடுப்பகுதி, ஓரம், உள் காத்துவழி எல்லாம் துருவாம நிக்கும். கொஞ்சம்தான் விலை கூட. அண்ணைக்கு அதைத்தான் சொன்னேன், பின்னாடி ரெண்டுக்கும் மட்டும். முன்னாடி நல்லாவே இருக்கு, அதை எதுக்குக் கழட்டணும்?

அதுக்கு மேல அவருக்குச் சொன்னது காசில்லாத வைத்தியம். வாரத்துல ஒரு நாள், பின்னாடி வண்டி இல்லாத இடமாப் பார்த்து, 70-80-ல இருந்து நல்லா அழுத்தி நாலஞ்சு பிரேக். மின்சாரக் கார்ல சும்மா மிதிச்சா மோட்டார்தான் பிடிக்கும், டிஸ்க் தூங்கும். பேட்டரி முழுசா நிரம்பியிருக்கும்போதும், விறைச்ச குளிர்லயும் மோட்டார் பிரேக் குறைஞ்சிடும், அப்போ டிஸ்க் வேலை செய்யும். அதுதான் சரியான நேரம். எங்க பக்கத்து ரோவர்கொல்லன் குடியிருப்புல கார் நிறுத்துமிடத்துலயே சோலார், பேட்டரி, சார்ஜர்னு கிரீன்சார்ஜ்ங்கற ஐரோப்பியத் திட்டத்துல பண்ணி வச்சிருக்காங்க. அங்க முழு சார்ஜோட கிளம்பி கீழ இறங்கினா முதல் கிலோமீட்டர்லயே டிஸ்க் பளிச்! வருஷத்துக்கு ஒரு தடவை, குளிர்காலம் முடிஞ்சதும், காலிபரைக் கழட்டி கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு பின்னுக்கு அதுக்கான கிரீஸ் வைக்கணும். இந்த ஊரு உப்புல அது ஆடம்பரம் இல்ல, பல் விளக்குற மாதிரி.

என்னை உறுத்துறது காசு விஷயம் மட்டும் இல்ல. “பிள்ளைங்க போற கார்”னு சொல்லி பயத்தைக் காட்டி விக்கிறதுதான். ராத்திரி ஷிஃப்ட், பகல்ல துப்புரவு வேலைன்னு ரெண்டு வேலை பார்த்து நாலு காசு சேர்க்கிற மனுஷன்கிட்ட அந்த ஒரு வரியைச் சொன்னாப் போதும், பர்ஸ் தானா திறக்கும். ஊர்ல எங்கப்பாகிட்ட இன்ஷூரன்ஸ்காரர் பேசின அதே டெக்னிக். அந்தப் பணம் அதே பிள்ளைங்களுக்கு ஒரு செட் புது குளிர்கால டயராப் போயிருந்தா 39 மீட்டர்ல நிக்கிற வண்டி அதுக்கு முன்னாடியே நிக்கும். டிஸ்க்ல போனா 39, 39 தான். அண்ணைகிட்ட இந்தக் கணக்கைப் பேப்பர்ல போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, “அப்ப நான் முதல்ல டயரைப் பார்க்கிறன்” எண்டார். போய்ப் பார்த்தோம். முன்னாடி ரெண்டும் மூணரை மி.மீ.

அறைத்தோழன் இன்னும் மசியல. “உனக்கு ரசனையே இல்லடா”ங்கிறான். அழகுக்காகன்னு ஒத்துக்கிட்டு வாங்கினா எனக்கு ஆட்சேபணையே இல்ல. வண்டியில மூணுல ஒரு பங்கு என்னோடது, அதனால ஓட்டெடுப்பு வச்சோம். இரண்டுக்கு ஒண்ணுல 6,000 குரோனர் செட் ஜெயிச்சாச்சு. காலிபருக்கு சிவப்பு பெயிண்ட் அடிக்க மட்டும் அவனுக்கு அனுமதி, டப்பா அவன் காசு.

டொராண்டோ, மாண்ட்ரியல் பக்கம் இருக்கிற மக்கா, அங்கயும் உப்புதானே? உங்க டிஸ்க் எத்தனை வருஷம் தாங்குது, மின்சாரக் கார் வச்சிருக்கிறவங்க பின் பிரேக்கை என்ன பண்றீங்கன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. சென்னைவாசிகள் “எங்களுக்கு பிரேக்கே வேணாம், டிராஃபிக்கே நிறுத்திடும்”னு எழுதுவீங்க, தெரியும். எழுதுங்க :-)

பி.கு: மொட்டை டயர் சிவப்பு காலிபர்காரர் நேத்து லிஃப்ட்ல பார்த்து, “ஹெய்! உன் கார்ல என்ன பிரேக்?”னு கேட்டார். “இரும்பு”ன்னேன்.